ஒன்றா, இரண்டா? உங்கள் டெலஸ்கோப்பின் பிரிதிறனை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அம்மி மிதித்ததும் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலான முகூர்த்தங்கள் பகலில் அமைவதால் அந்த நேரத்தில் வானத்தில் எதுவும் தெரியாது. அருந்ததியை உண்மையாகவே பார்க்க ஆசையிருந்தால் மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் வடக்கே திரும்பி நில்லுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் கடைசிக்கு முந்திய விண்மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு சிறு புள்ளி தெரிகிறதா? அதுதான் அருந்ததி.

அந்த இரண்டையும் தனித்தனியாகக் கண்டுவிட்டீர்கள் என்றால், இந்தக் கட்டுரையின் முதல் சோதனையை முடித்துவிட்டீர்கள். நெருங்கி நிற்கும் இரண்டை இரண்டாகவே காட்டும் திறனைத்தான் பிரிதிறன் என்கிறோம். கண்ணுக்கும் அது உண்டு, பைனாகுலருக்கும் உண்டு, மலைமேல் இருக்கும் பெரிய டெலஸ்கோப்புக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு.

அந்த எல்லை எங்கே இருக்கிறது, எதனால் வருகிறது என்பதைச் சொந்தக் கண்ணால் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் எழுதப் போகிறேன். டெலஸ்கோப் வாங்கிய புதிதில் நான் உருப்பெருக்கம்தான் எல்லாம் என்று நம்பினேன். 60 மில்லிமீட்டர் அகல லென்ஸ் கொண்ட என் முதல் டெலஸ்கோப்பின் பெட்டியில் "450 மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த 450 மடங்கில் வியாழன் கலங்கிய மஞ்சள் உருண்டையாகத்தான் தெரிந்தது. பல மாதங்கள் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் அளவுகோல்

வானத்தில் தூரத்தைக் கோணத்தால் அளக்கிறோம். ஒரு முழு வட்டம் 360 பாகை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பஞ்சாங்கம் கணிப்பவர்களிடம் இந்தச் சொற்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மொபைல் செயலிகளில் ஆர்க்மினிட், ஆர்க்செகண்ட் என்று வருவதும் இவையேதான்.

கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. முழு நிலா அதில் பாதி, அதாவது 30 கலை. வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் நடுவே 12 கலை. நல்ல பார்வை உள்ள கண் ஒரு கலை வரை பிரிக்கும். விகலை என்பது எவ்வளவு சிறியது என்று மனத்தில் பதிய வேண்டுமானால் இரண்டரை சென்டிமீட்டர் நாணயம் ஒன்றை ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாணயத்தின் அகலம்தான் ஒரு விகலை. வீட்டு டெலஸ்கோப்புகள் போராடுவது இந்த அளவில்தான்.

உங்கள் கண்ணின் எல்லையை இன்று மாலையே அளந்துவிடலாம். வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் கருப்பு, ஒரு மில்லிமீட்டர் வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் வரையுங்கள். கையால் வரைவதைவிடக் கணினியில் வரைந்து அச்செடுத்தால் சீராக இருக்கும். நல்ல வெளிச்சத்தில் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்துகொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் கோடுகள் கரைந்து சாம்பல் நிறக் கட்டமாகிவிடும். ஒரு கலை பிரிக்கும் கண்ணுக்கு அந்த இடம் ஏறத்தாழ 3.4 மீட்டரில் வரும். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

அப்புறம் ஓர் அட்டையில் மெல்லிய ஊசியால் ஒரு துளை குத்தி, அதைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து அதே கோடுகளைப் பாருங்கள். வெளிச்சம் குறைவதோடு நிற்காது. கோடுகளைப் பிரித்துப் பார்க்க முன்னைவிட அருகே வரவேண்டியிருக்கும். துளை சிறுத்தால் நுணுக்கம் போய்விடுகிறது. கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

ஏன் இந்த எல்லை

மீன்பிடித் துறைமுகத்தின் வாயில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடலில் நேர்வரிசையாக வரும் அலை, இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் விசிறிபோல் விரிகிறது. வாய் குறுகலாக இருந்தால் விரிவு அதிகம். அகலமான வாய் என்றால் அலை கிட்டத்தட்ட நேராகவே உள்ளே போகும். ஒளியும் அலைதான். டெலஸ்கோப்பின் முகப்புதான், அதாவது ஒளி உள்ளே நுழையும் முன்பக்கத் திறப்புதான், அதற்கு வாய். பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான்.

இதனால் விண்மீன் எந்த டெலஸ்கோப்பிலும் உண்மையான புள்ளியாக விழுவதில்லை. நடுவே ஒரு சின்ன ஒளிப்பொட்டு, அதைச் சுற்றி மெல்லிய வளையங்கள், இப்படித்தான் விழும். பழுதில்லாத கருவியில் ஒளியில் 84 சதவீதம் நடுப்பொட்டில் சேரும், மீதி வளையங்களுக்குப் போகும். இந்த வடிவத்தை ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் பிடல் ஏரி 1835-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். முகப்பு அகலமாக ஆக இந்தப் பொட்டு சிறுத்துக்கொண்டே போகும். இரண்டு பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே பொட்டாகிவிட்டால், அதற்குமேல் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது பெரிய ஒற்றைப் பொட்டுதான்.

எல்லையைக் கணக்கிட இரண்டு வாய்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1879-இல் சொன்னபடி, ஒரு பொட்டின் நடு மற்றதன் முதல் கருவளையத்தின்மேல் விழும்போது இரண்டும் பிரிகின்றன. பச்சை ஒளிக்கு அது 138-ஐ முகப்பின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் வரும் விகலை. அதற்கு முன்பே, இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் ரட்டர் டாவிஸ், ஏறத்தாழ ஒரே பிரகாசமுள்ள இரட்டை விண்மீன்களைப் பல அளவு டெலஸ்கோப்புகளில் பார்த்துப் பார்த்து அனுபவத்தால் ஓர் எண்ணைக் கண்டடைந்தார். அதை 1867-இல் வெளியிட்டார். அந்த எண் 116. அமெச்சூர்கள் பெரும்பாலும் டாவிஸைத்தான் பின்பற்றுவோம். எனக்கும் அதுவே பிடிக்கும், ஏனென்றால் அது கண்ணை வைத்துப் பார்த்து வந்த எண்.

உங்கள் கருவிக்கு இப்போதே போட்டுப் பாருங்கள். 60 மில்லிமீட்டருக்கு 1.9 விகலை. 80-க்கு 1.45. வாங்குவோர் அதிகமுள்ள 114-க்கு 1.02, 130-க்கு 0.9. 200 மில்லிமீட்டருக்கு 0.58. வந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி டெலஸ்கோப்பின் குழாயிலேயே ஒட்டிவிடுங்கள். கடைக்காரர் சொன்ன மடங்கைவிட அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது.

வாய்பாட்டில் அலையின் நீளமும் ஒளிந்திருக்கிறது. அலை நீளமானால் அதே அளவில் எல்லையும் மோசமாகும். புணே அருகே கோடாட்டில் இருக்கும் ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் பரப்பில் விரிந்து நிற்கின்றன. அத்தனையும் சேர்ந்து 21 சென்டிமீட்டர் அலையில் எட்டும் பிரிதிறன் சுமார் 2 விகலை. உங்கள் மேசைமேல் இருக்கும் 60 மில்லிமீட்டர் லென்ஸும் அதே 2 விகலையைத்தான் தருகிறது. முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது சரிதானா என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

உருப்பெருக்கத்தைத் தேர்ந்தெடுப்பது

டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின், குவியத்தூரத்தால் வகுத்தால் மடங்கு வரும். 650 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள 130 மில்லிமீட்டர் கருவியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 26 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 65 மடங்கு. நடுவே மடங்கை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 130.

முகப்பு பிரித்துக் கொடுத்ததைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குப் பெரிதாக்குவதுதான் ஐபீஸின் வேலை. முகப்பு பிரிக்காததை அது பிரிக்காது. கண்ணின் எல்லை ஒரு கலை என்றாலும், அந்த விளிம்பில் பார்ப்பது சிரமம். நான்கைந்து கலை இருந்தால் வசதியாகப் பார்க்கலாம். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: 300-ஐ இரட்டையின் இடைவெளியால் வகுத்தால் தேவையான மடங்கு. 5 விகலைக்கு 60 மடங்கு, 2.5 விகலைக்கு 120. முகப்பின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் புதிதாக ஒன்றும் கிடைக்காது, படம் இருண்டு மங்கும். 60 மில்லிமீட்டர் என்றால் 120-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியே வைப்பதற்கு முன்

இங்கே அவசரப்பட்டுத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கருவி சரியாக இருந்தும் படம் கலங்கினால் காரணம் பெரும்பாலும் காற்றுதான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே நெளிவு மென்மையாக வானம் முழுக்க இருக்கிறது.

மொட்டை மாடி வசதிதான், ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பத்து மணி வரை சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் அங்கே வையுங்கள். மாடிதான் வழி என்றால் முன்னிரவை விட்டுவிட்டுப் பின்னிரவில் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலேயும் ஏசி இயந்திரத்துக்கு மேலேயும் தெரியும் விண்மீன்களைத் தவிர்த்துவிடுங்கள். தலைக்கு மேலே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அடிவானத்திலிருந்து 40 பாகைக்குக் கீழே போனால் ஒளி தடித்த காற்றைக் கடந்து வரவேண்டியிருக்கிறது. விண்மீன்கள் கடுமையாக மினுமினுக்கும் இரவில் நுணுக்கம் தேடாதீர்கள். வானம் லேசாகப் புகைமூட்டமாக இருந்தாலும் விண்மீன்கள் அசையாமல் நிற்கும் இரவுகள் உண்டு. அவைதான் இதற்கு உகந்தவை.

வீட்டுக்குள் இருந்த டெலஸ்கோப்பை வெளியே வைத்ததும் அதன் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரவேண்டும். 130 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் கொடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் கண்ணாடிமேல் முத்து முத்தாகப் படியும். துடைக்காமல் காத்திருங்கள், தானாகப் போய்விடும்.

அடுத்து, லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் என்றால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் கொண்டுவந்து குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் விரியும். நடுவில் உள்ள கரிய நிழல் நட்ட நடுவில் இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அடிக்கண்ணாடியின் பின்னால் இருக்கும் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வாருங்கள். விண்மீன் பார்வையிலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு திருப்பலுக்கும் மறுபடி நடுவில் பிடிக்க வேண்டும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் ஐந்து நிமிடம். இதைச் செய்யாத 200 மில்லிமீட்டர் கருவியை, செய்துவைத்த 80 மில்லிமீட்டர் லென்ஸ் எளிதில் வென்றுவிடும்.

பகலில் சோதிக்கிறேன் என்று எக்காரணம் கொண்டும் டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம். ஒரு கணத்தில் பார்வை போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் மூடி போட்டே வையுங்கள்.

படிப்படியாக இறங்கும் விண்மீன்கள்

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. நெபுலாக்களையும் மங்கலான மண்டலங்களையும் தெருவிளக்கு விழுங்கிவிடும், ஆனால் இரட்டை விண்மீன்களை அது ஒன்றும் செய்வதில்லை. சென்னை நடுவிலிருந்தும் இந்தப் பட்டியல் முழுவதையும் பார்க்கலாம்.

மே மாதம் என்றால் வசிஷ்டரிலிருந்தே தொடங்குங்கள். அருந்ததியைக் கண்ணால் பார்த்தாயிற்று. இப்போது டெலஸ்கோப்பில் வசிஷ்டரை மட்டும் பாருங்கள். அதுவே இரண்டாகப் பிரியும், இடைவெளி 14.4 விகலை. 1617-இல் இதைக் கண்டு கலிலியோவையும் பார்க்கச் சொன்னவர் அவருடைய மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி. 40 மடங்கு போதும். ஒரே பார்வைக்குள் வசிஷ்டர் இரண்டு, சற்றுத் தள்ளி அருந்ததி என்று மூன்றும் நிற்கும் காட்சியை என் அம்மாவுக்குக் காட்டினேன். கல்யாணத்தன்று பார்க்காததை நாற்பது வருடம் கழித்துப் பார்த்தேன் என்றார்.

செப்டம்பரில் தொடங்குபவர்களுக்கு அன்னம் (சிக்னஸ்) மண்டலத்தில் இருக்கும் ஆல்பிரியோ. இடைவெளி 35 விகலை, பைனாகுலரை அசையாமல் பிடித்தாலே பிரியும். ஒன்று பொன்னிறம், மற்றது நீலம். நிறத்துக்காகவே பார்க்கலாம். நவம்பர், டிசம்பரில் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் ஆல்மாக், ஏறத்தாழ 10 விகலை.

அடுத்த படி புனர்பூசம். பிப்ரவரி, மார்ச் இரவுகளில் உச்சிக்கு அருகே நிற்கும் இரட்டையர்களில் வடக்கே இருப்பது காஸ்டர். அதன் இடைவெளி சுமார் 5.5 விகலை. 60 மில்லிமீட்டர் கருவியில் 60 மடங்குக்கு இரண்டு வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். ஏப்ரலில் மகத்துக்கு வடக்கே சிம்மத்தின் பிடரியில் அல்ஜீபா, 4.7 விகலை, இரண்டும் மஞ்சள்.

மே மாதத்தில் சித்திரை விண்மீனுக்கு வடமேற்கே பொரிமா. இதைப்பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 169 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு சம பிரகாச விண்மீன்கள் இவை. 2005-இல் அரை விகலைக்கும் கீழே நெருங்கிவிட்டன. அப்போது பெரும்பாலான வீட்டு டெலஸ்கோப்புகளில் பொரிமா ஒற்றை விண்மீன்தான். பிறகு மெல்ல விலகத் தொடங்கி இப்போது மூன்று விகலையைத் தாண்டிவிட்டன. மாறாதது என்று நாம் நினைக்கும் வானத்தில் ஒரு மனித ஆயுளுக்குள் ஓர் ஒன்று இரண்டானது. 80 மில்லிமீட்டர் கருவியும் 100 மடங்கும் இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

கடைசிப் படி எப்சிலான் லைரே. ஆகஸ்டு, செப்டம்பரில் பளிச்சென்ற வேகா விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கும். கூர்மையான கண்ணுக்கே இரண்டாகத் தெரியலாம், இடைவெளி மூன்றரை கலை. டெலஸ்கோப்பில் 120 மடங்குக்குப் போனால் அந்த இரண்டும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து நான்காகும். ஒவ்வொரு ஜோடியின் இடைவெளியும் 2.3 விகலையை ஒட்டி இருக்கிறது. 60 மில்லிமீட்டருக்கு இது எல்லைக் கோடு. முதல் இரவே பிரியாவிட்டால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஐபீஸை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஐந்து, பத்து நிமிடம் காத்திருங்கள். காற்று ஒரு விநாடி அசையாமல் நிற்கும். அந்த ஒரு விநாடியில் நான்கும் ஊசிமுனைபோல் வந்து நின்றுவிட்டு மறுபடி கலங்கும். பார்ப்பதற்கு இந்தப் பொறுமைதான் பயிற்சி.

நாள்காட்டி அட்டையால் ஒரு சோதனை

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். தினசரி நாள்காட்டியின் பழைய அட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டெலஸ்கோப்பின் முகப்பை மூடும் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஒன்றில் 40 மில்லிமீட்டர், மற்றதில் 20 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை போடுங்கள். துளையின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்கட்டும். கண்ணாடி டெலஸ்கோப் என்றால் நடுவில் சிறிய கண்ணாடி மறைத்துக்கொண்டு நிற்கும், அதனால் துளையை ஓரமாக, அதைத் தாங்கும் கம்பிகளுக்கு இடையே வருமாறு போட வேண்டும். பல கருவிகளின் பிளாஸ்டிக் மூடியிலேயே ஒரு குட்டி மூடி இருக்கும். அதைக் கழற்றினால் கிடைக்கும் துளை நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் வரும். அட்டை வெட்டச் சோம்பலாக இருந்தால் முதல் அட்டைக்குப் பதில் அதை வைத்துக்கொள்ளலாம்.

காஸ்டரைப் பிடித்து 65 மடங்கு ஐபீஸைப் போடுங்கள். முழு முகப்பில் இரண்டு கூர்மையான பொட்டுகள். 40 மில்லிமீட்டர் அட்டையை மாட்டுங்கள். வெளிச்சம் குறைந்து பொட்டுகள் தடித்திருக்கும், ஆனால் இன்னும் இரண்டுதான், ஏனென்றால் எல்லை 2.9 விகலை. இப்போது 20 மில்லிமீட்டர் அட்டை. எல்லை 5.8-க்குப் போய்விட்டது, காஸ்டரின் இடைவெளியோ 5.5. இரண்டும் கலந்து ஒரே உருண்டையாகிவிடும். கூர்ந்து பார்த்தால் ஒருபக்கம் லேசாக நீண்டிருப்பது தெரியலாம்.

ஐபீஸை மாற்றவில்லை, மடங்கும் மாறவில்லை, காற்றும் அதேதான். மாறியது முகப்பு மட்டும். அட்டையை அப்படியே விட்டுவிட்டு 130 மடங்குக்குப் போங்கள். உருண்டை இன்னும் பெரிய உருண்டையாகும், பிரியாது. அட்டையை எடுத்த மறுநொடி இரண்டும் திரும்பி வந்து நிற்கும். என் பழைய டெலஸ்கோப்பின் பெட்டியில் போட்டிருந்த "450 மடங்கு" என்ன என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

முகப்பு முழுக்கக் கண்ணாடியால் நிரம்பியிருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை, அகலம் இருந்தால் போதும் என்பதை 1920 டிசம்பரில் ஆல்பர்ட் மைக்கேல்சனும் பிரான்சிஸ் பீஸும் காட்டினார்கள். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குல டெலஸ்கோப்பின் குறுக்கே ஆறு மீட்டர் சட்டம் ஒன்றை வைத்து, அதன் இரு முனைக் கண்ணாடிகளிலிருந்து வரும் ஒளியைச் சேர்த்தார்கள். அப்படி அவர்கள் அகலத்தை அளந்த விண்மீன் நம்முடைய திருவாதிரை. 0.047 விகலை. சூரியனைத் தவிர்த்து ஒரு விண்மீனின் அகலம் அளக்கப்பட்டது அதுவே முதல்முறை.

வாய்பாடு பொருந்தாத இடங்கள்

டாவிஸ் எண் ஏறத்தாழச் சமமான இரண்டு விண்மீன்களுக்குத்தான். ஓரியன் மண்டலத்தின் ரைஜலைப் பாருங்கள். துணை விண்மீன் 9.5 விகலை தள்ளியே இருக்கிறது, ஆனால் பல நூறு மடங்கு மங்கல். 60 மில்லிமீட்டரில் அது ரைஜலின் ஒளிவெள்ளத்துக்குள் மறைந்துகொள்ளும். காற்று அமைதியான இரவில் 100 மடங்குக்கு மேல் போனால் பளீரென்ற ரைஜலின் ஓரத்தில் தூசிபோல ஒன்று தெரியும்.

கோடுகள் விஷயத்தில் நேர்மாறு. நீண்ட மெல்லிய கோடு எல்லையைவிடக் குறுகலாக இருந்தாலும் தெரியும். தூரத்து மின்கம்பியைக் கண் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சனியின் வளையங்களுக்கு நடுவே காஸினி என்ற வானியலாளர் 1675-இல் கண்ட இடைவெளி, பூமியிலிருந்து பார்க்க முக்கால் விகலைதான் அகலம். 60 மில்லிமீட்டரின் எல்லை 1.9. இருந்தும் வளையங்கள் நன்றாக விரிந்திருக்கும் ஆண்டுகளில் அதே கருவியில் அந்தக் கருங்கோட்டைப் பார்த்திருக்கிறேன். 2025-இல் வளையங்கள் விளிம்பைக் காட்டி நின்றன. இனி விரியும்.

நிலாவில் ஒரு விகலை என்பது ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். ஆக 130 மில்லிமீட்டர் கருவியில் இரண்டு கிலோமீட்டர் குழிகள் எல்லையோரத்தில் தெரிய வேண்டும். முழு நிலாவில் தேடாதீர்கள், நிழலே இருக்காது. அரைநிலா நாளில் இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டை ஒட்டித் தேடுங்கள்.

பெரிய முகப்பு இருந்தும் காற்று விடாத கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். விண்வெளியில் சுற்றும் ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். ஏறத்தாழ ஒரே அளவு, இரண்டுக்கும் கணக்குப்படி எல்லை 0.06 விகலை. ஹப்பிள் அந்த எல்லையைத் தொடுகிறது. காவலூர் தொலைநோக்கியை நம் தலைக்கு மேலே உள்ள காற்று பெரும்பாலும் ஒரு விகலைக்கு மேலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் அதை எளிதாக எண்ண வேண்டாம். அத்தனை பெரிய கண்ணாடி ஒளியைச் சேர்க்கும் வேலையைக் காற்றால் தடுக்க முடியாது. மங்கலானவற்றின் நிறமாலையை எடுப்பதற்கு அந்த ஒளிதான் வேண்டும்.

குறிப்பேடும் தெற்கு வானமும்

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், ஐபீஸ், காற்று எப்படி இருந்தது, பிரிந்ததா இல்லையா, இவ்வளவு போதும். ஒரு வட்டம் போட்டு இரண்டு பொட்டுகளை வரைந்து, விண்மீன் பார்வையைவிட்டு நகரும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். அந்தத் திசைதான் மேற்கு.

வரைவதற்கு நான் உங்களுக்குச் சொல்லும் விண்மீன் ஆல்பா சென்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம் அது. அது இரட்டை என்று உலகுக்குத் தெரியவந்தது புதுச்சேரியிலிருந்துதான். 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் அங்கே ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகே இருந்த இந்த விண்மீன் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நமக்கு எழுகிறது. புதுச்சேரியில் 17 பாகை உயரம், யாழ்ப்பாணத்தில் 19-க்கு மேல், கன்னியாகுமரியில் 21.

மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கு திறந்திருக்கும் இடமாகப் போய் நில்லுங்கள். கடற்கரை என்றால் நல்லது. அடிவானத்துக்குச் சற்று மேலே பிரகாசமான இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரியும். இடதுபக்கம் இருக்கும் பிரகாசமானதுதான் ஆல்பா. தாழ்வாக இருப்பதால் ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக விளிம்பு கட்டித் துடிக்கும். அதற்குக் காரணம் காற்று, உங்கள் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். 60 மடங்கு போடுங்கள்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 80 ஆண்டுகள் ஆகின்றன. 2016-இல் இடைவெளி 4 விகலை. அதன்பின் விலகிக்கொண்டே வருகின்றன, 2029 வாக்கில் பத்தைத் தாண்டும், பிறகு மறுபடி நெருங்கத் தொடங்கும். இந்த ஆண்டு வரையும் வட்டத்தின் பக்கத்திலேயே அடுத்த ஆண்டுகளுக்கு என்று சில காலி வட்டங்களையும் போட்டுவையுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் அதே ஐபீஸில் பார்த்து ஒன்றை நிரப்புங்கள்.